மாட்டிறைச்சியும் மனிதனுடைய இரத்தமும்

மாட்டிறைச்சி என்ற பேச்சை எடுத்தால் அது பாவமா புண்ணியமா என்று சாஸ்திரம் பார்க்கவும், தின்பவன் என்ன ஜாதி என்று விசாரிக்கவும் நம் நாட்டில் எத்தனையோ பேர் முன்வருகிறார்கள். ஆனால் அதில் என்ன சத்து இருக்கிறது, அது யாருக்குத் தேவை என்று கேட்கத்தான் ஆளைக் காணோம். ஆகாரத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

கொழுப்பு நீக்கிய தொடைக்கறியை எடுத்துக் கொள்வோம். 100 கிராம் பச்சைக்கறியில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்போ 5 கிராமுக்கு உள்ளேயே அடங்கிவிடும். துத்தநாகமும், சுமார் 2 மில்லிகிராம் இரும்புச் சத்தும் உண்டு. “கீரையில் இதைவிட அதிக இரும்பு இருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதில் சொற்ப பாகமே உடம்பில் சேருகிறது. இறைச்சியின் இரும்பு சுலபமாய்ச் சேருவதோடு, கூடச் சாப்பிடுகிற கீரை, பருப்பின் இரும்பையும் சேரச் செய்கிறது. இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய பி12 என்னும் வைட்டமினோ செடி கொடிகளில் கிடையாது. பால், முட்டையில் ஓரளவு உண்டு. இந்த இறைச்சியிலோ ஒரு நாளைத் தேவையில் பெரும்பகுதி 100 கிராமிலேயே கிடைத்துவிடும்.

இதை ஏன் சொல்கிறோம்? 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். அந்த ஏழைப் பெண்ணுக்குச் சொல்லப்படும் யோசனை என்ன? “மாதுளை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு, ஆட்டு ஈரல் சாப்பிடு” என்பதாகும். அவள் கூலிக்கு இவைகள் கட்டுமா? ஆட்டுக்கறியைவிட எவ்வளவோ குறைந்த விலையில் கிடைக்கும் மாட்டுக்கறியின் பேரைச் சொல்ல மட்டும் ஏன் வாய் வருவதில்லை? மாட்டின் பாலைக் குடிக்கலாம், தோலைச் செருப்பாய்ப் போடலாம், மூத்திரத்தைப் பஞ்சகவ்வியம் என்று பருகலாம். மாம்சம் மாத்திரம் தீட்டு என்றால் இதில் பகுத்தறிவுக்கு இடமெங்கே? 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளையையும் எருதையுங்கூட வெட்டக் கூடாதென்று சட்டம் வந்ததே, அது எந்த வைத்தியரைக் கேட்டுச் செய்யப்பட்டது?

சாஸ்திரத்தை மறுக்கிற நாம் விஞ்ஞானத்தின் பாதியை மறைத்துப் பேசக் கூடாது. 2015-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உப்பிட்டும் புகையிட்டும் பதம் செய்த இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றும், மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கக் கூடும் என்றும் வகைப்படுத்தியது. ஆகையால் அளவு வேண்டும்; தினமும் வயிறு முட்டத் தின்னும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை ஆட்டுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது என்பதை மாட்டை மாத்திரம் பழிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வேண்டாமென்பவர்கள் தாராளமாய் விலகியிருக்கட்டும். அவர்கள் இலையில் யாரும் கறியை வைக்கப் போவதில்லை. அதுபோலவே பிறர் சட்டியை எட்டிப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. பிரசவத்திற்குக் காத்திருக்கும் ஒரு தாயின் உடம்பில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்காமல், அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்கிற தர்மம் யாருக்கு வேண்டும்? தோழர்களே யோசித்துப் பார்க்கட்டும்.