ஆப் செய்யத் தெரியும், ஆராய்ச்சி எழுதத் தெரியுமா?

'தமிழ்99' விசைப்பலகையில 'க' ரெண்டு தடவை தட்டினா 'க்க' வரும், புள்ளி தானா விழும். 'ந'வும் 'த'வும் தட்டினா 'ந்த'! தமிழ்ல எந்த எழுத்தோட எது சேர்ந்து வரும்னு கவனிச்சதால வந்த வசதி இது. 1999-ல் சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசே இதைத் தரப்படுத்தியது.

வடிவமைப்பு ஆராய்ச்சின்னா இதுதான். பயன்படுத்துறவங்களைக் கவனிக்கணும், பார்த்ததை எழுதணும், ஆதாரத்தோட வாதாடணும். ஆனா பல பொறியியல் கல்லூரிகள்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட்னா சீனியர் ஃபைல்ல பேரை மாத்துறதுதான்!

அப்படிப் படிச்சு வந்து ஆப் செஞ்சா, ஆதம்பாக்கத்து அம்மா கேஸ் புக் பண்ணவும் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் தேடணும். தப்பு அவங்க மேல இல்ல, திரை மேல.

கோடிங்கோட சேர்த்து ஆராய்ச்சி எழுதவும் சொல்லிக்கொடுங்க. தமிழிலும்!

#மக்களுக்கான_தொழில்நுட்பம்