வழிபாட்டுக்குள் புகுந்த உரோமன் எழுத்து

செபராங் பிறையின் வடபகுதியில் தமிழ்த் திருப்பலி நடைபெறும் ஓர் ஆலயம். இரண்டாம் வாசகத்தை வாசிப்பதற்காக இளைஞர் ஒருவர் மேடை ஏறுகிறார். அவர் கையிலுள்ள தாளில் தமிழ் இருக்கிறது. தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளுக்குள் திருமுகம் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கிறது. அவர் வாசித்து முடிக்கிறார். மக்கள் மறுமொழி கூறுகின்றனர். பாடகர் குழு பாடத் தொடங்குகிறது. சுவரில் விழும் ஒளித்திரையிலும் அதே உரோமன் எழுத்துத்தான். தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழரின் பேரப்பிள்ளைகள் அத்திரையைப் பார்த்துத் தம் பாட்டன்மாரின் பாடல்களைப் பாடுகின்றனர்.

இதில் என்ன குற்றம் என்று கேட்போர் உளர். வாயில் தமிழ் வருகிறதே, எழுத்து எதுவானால் என்ன என்பது அவர்கள் வாதம். இறைவன் எழுத்தையா பார்க்கிறான், இதயத்தைப் பார்க்கிறான் என்று இன்னும் ஒருபடி மேலே செல்வோரும் உண்டு. இறைவன் எதைப் பார்க்கிறான் என்பதை இறையியலார் முடிவு செய்துகொள்ளட்டும். வாயில் வருவது தமிழ்தானா என்பதைத் தமிழாசிரியர் சொல்லியாக வேண்டும்.

வாயில் வருவது தமிழன்று. லகர ளகர ழகர வேறுபாட்டையும், ரகர றகர வேறுபாட்டையும், நகர ணகர னகர வேறுபாட்டையும், குறில் நெடில் வேறுபாட்டையும் உரோமன் எழுத்து ஆலயங்களில் வழங்கும் வடிவில் காட்டுவதேயில்லை. மொழியறிஞர் புள்ளியும் கோடும் இட்டு எழுதும் முறை வேறு. சனிக்கிழமை இரவு அவசரத்தில் தட்டச்சிடப்படும் தாள் வேறு. பலியும் பழியும் அத்தாளில் ஒன்றாகின்றன. வழியும் வலியும் ஒன்றாகின்றன. மனமும் மணமும் கலந்துவிடுகின்றன. கல்லறை வாயிலிலிருந்து புரட்டப்பட்ட கல், வாசிப்பவர் நாவில் கள்ளாகிவிடுகிறது. தோட்டத்துக் கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் அமர்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

வேதனையை மிகுவிப்பது வரலாறு. தமிழ்க் கிறித்தவம் உரோமன் எழுத்தை ஏற்கெனவே ஒருமுறை கண்டு, அதனை விட்டு வெளியேறிய சமூகம். 1554இல் லிசுபன் நகரில் தமிழ்ச் செபங்களைக் கொண்ட சிறு நூலொன்று அச்சாயிற்று. தமிழர் மூவர் அதன் ஆக்கத்தில் பங்கேற்றனர். அன்று தமிழ் அச்செழுத்து உலகில் எங்கும் இல்லாமையால் அந்நூல் உரோமன் எழுத்தில் வெளிவந்தது. அதைக் கொண்டு தமிழ் மக்களிடையே பணியாற்ற இயலாது என்பதை உணர்ந்தவர் முத்துக்குளித்துறையில் தொண்டு செய்த போர்ச்சுகீசியத் துறவி என்றிக் என்றிக்கசு அடிகளார். 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் திருத்தமான வேறு எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபரில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். அச்செலவுக்குப் பொருள் தந்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவ மக்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. தமிழ்ப்பள்ளி மாணவருக்கு அதை நாள்தோறும் எடுத்துச் சொன்னாலும் தகும்.

உரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வர அன்று இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. உளியும் உலையும் ஈயமும் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வார்த்தெடுத்த காலம் அது. இன்றோ கைப்பேசியில் விரல் பட்டால் தமிழ் எழுத்து வருகிறது. இத்தகைய காலத்தில் 1554க்குத் திரும்பிச் செல்வதற்கு எளிமை என்று பெயர் சூட்டுகிறார்கள்!

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் பிரித்துக் காட்டிய வரலாற்றை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்காதவர் இலர். அயல்நாட்டார் ஒருவர் குறிலையும் நெடிலையும் பிரித்தறிய அவ்வளவு பாடுபட்டார். அவர் சமயத்தைச் சேர்ந்த தமிழரே அவ்வேறுபாட்டைக் கைகழுவுகின்றனர்.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் மக்கள் மொழிக்குப் பீடத்தின் கதவைத் திறந்துவிட்டது. அதுவரை திருப்பலி இலத்தீனில் இருந்தது. அதன் பின்னர் பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. சுவிசேஷம் நற்செய்தி ஆயிற்று. 1995இல் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பும் வந்தது. சொற்களை இவ்வளவு அக்கறையோடு தமிழாக்கிய திருச்சபை எழுத்தை மட்டும் எவ்வாறு நழுவ விடலாம்? இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய நோயுமன்று. மெதடிஸ்டு, லுத்தரன் தமிழ்ச் சபைகளும் தம் பாடல் திரைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மலேசியாவில் இக்கேள்விக்குக் கூடுதல் கூர்மை உண்டு. 1976இல் தீபகற்ப மலேசியாவின் குருமார் ஒரு மாத காலம் கூடி ஆராய்ந்தபின், அடிப்படைத் திருச்சபைச் சமூகங்கள் வலியுறுத்தப்பட்டன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி விவிலியம் வாசித்துச் செபிக்கும் முறை அது. வாசகர், பாடகர், மறைக்கல்வி ஆசிரியர், நோயாளரைச் சந்திப்போர், இழவு வீட்டில் செபம் நடத்துவோர் எனப் பொதுநிலையினர் பணிகள் பெருகின. ஒவ்வொரு பணியும் ஒரு நூலைக் கையிலெடுத்து ஊரார் முன் உரக்கப் படிப்பதைக் கோருகிறது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் தமிழை உரக்கப் படிக்கும் வாய்ப்பு இந்நாட்டுத் தமிழருக்கு வேறு எங்கே வாரந்தோறும் கிடைக்கிறது?

உரோமன் எழுத்தை நாடுவோர் சொல்லும் காரணத்தையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. பிள்ளைகளுள் பலர் தேசியப் பள்ளியில் பயில்கின்றனர். மறைக்கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது. பல இனத்தார் கூடும் பங்கில் ஆங்கிலம் பொதுமொழியாக அமைந்துவிடுகிறது. தமிழ் எழுத்தைக் கட்டாயமாக்கினால் இளைஞர் ஆலயத்துக்கே வரமாட்டார்கள் என்று பெரியோர் அஞ்சுகின்றனர். அச்சம் உண்மையானது, அதற்குக் கண்ட மருந்துதான் தவறானது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பாட்டிமாருள் எழுத்தறியாதோர் எத்தனையோ பேர். அவர்கள் செபமாலையையும் பிரார்த்தனைகளையும் செவிவழியே கற்று, ழகரம் பிசகாமல் சொன்னார்கள். எழுத்தறியாத இளைஞருக்குச் செவிவழிப் பாடம் கொடுக்கலாம். மனப்பாடமாகப் பாடச் செய்யலாம். காணிக்கைப் பவனியில் முன்னே நடக்கச் செய்யலாம். தமிழைச் சிதைக்கும் தாளைக் கையில் கொடுத்து வாசக மேடைக்கு அனுப்பத் தேவையில்லை.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் ஜூலை 26 திருவிழாவையொட்டிப் பல மொழிகளில் வழிபாடு நடைபெறுகிறது. 2019இல் சிறிய பேராலயமாக உயர்த்தப்பட்ட அத்திருத்தலத்துக்குத் தாசேக் கெலுகோரிலிருந்து செல்வோருக்குத் தொலைவு அதிகமில்லை. அங்கே வரும் சீனர் தம் மொழியைத் தம் எழுத்தில் படிக்கின்றனர். ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கற்கவேண்டிய எழுத்து அது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் மிகக் கடினம் என்று தமிழர் சொன்னால் அவர்கள் நகைப்பார்கள்.

பழி முழுவதும் ஆலயத்தின் மேல் விழுவதும் நியாயமன்று. தமிழாசிரியருள் பலருக்கு ஆலயம் என்பது தமிழின் எல்லைக்கு அப்பாற்பட்ட இடம். கிறித்தவத் தமிழ் என்றால் தேம்பாவணி என்ற ஒரு பெயரைத் தேர்வுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடுவதற்கு உழைத்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள். அவர் கத்தோலிக்கக் குரு என்பதை எத்தனை மாணவர் அறிவர்? ஆலயத்துக்குள் தமிழ் தேய்வதைத் தமிழ்ப்பள்ளி கண்டுகொள்ளாதிருந்தால், பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகளின் ஒரு பகுதியும் அங்கேயே தேய்ந்துபோகும்.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. மறைக்கல்வி வகுப்பின் முதல் அரைமணி நேரத்தை எழுத்துக்கு ஒதுக்கலாம். தமிழ் எழுத்தைப் படிப்பவரையே வாசகராக அமர்த்துவது என்று பங்குப் பேரவை ஒரு தீர்மானம் செய்யலாம். ஈராண்டு தவணையும் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லாத பங்கு அரிது. திருவிவிலியம் தமிழ் எழுத்தில் ஆயத்தமாக இருக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் வாரந்தோறும் சனிக்கிழமை இரவு அமர்ந்து, சொல் சொல்லாக உரோமன் எழுத்துக்கு மாற்றித் தட்டச்சிடுகிறார். அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில், மறுநாள் மேடை ஏறவிருக்கும் இளைஞரை அருகில் அமர்த்தி அகரத்திலிருந்து தொடங்கலாம்.