காட்டுமாடும் தொழுவமும்

பெங்களூரை அடுத்த பன்னார்கட்டா உயிரியற் பூங்காவிற்கு வருவோர் காட்டுமாட்டைக் கண்டதும் பெரும்பாலும் 'காட்டெருமை' என்றே சுட்டுவர். கன்னடத்தில் வழங்கும் 'காடுகோண' என்னும் பெயரிலும் எருமைக்கடாவே இருக்கிறது. ஆங்கிலேய வேட்டைக்காரரோ அமெரிக்க விலங்கொன்றின் பெயரை இதற்குச் சூட்டி, 'பைசன்' என்றனர். மூன்றும் பிழையே. இது பசுவின் இனத்தைச் சார்ந்தது. பழந்தமிழ் நூல்களில் வரும் 'ஆமா' இதுவே என அறிஞர் பலர் கொள்வர். அப்பெயரே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது.

பிழை நேர்ந்ததில் வியப்பில்லை. முதிர்ந்த காளையின் மேனி கருமையானது. தோள் உயரம் ஆறு அடியை எட்டுவதுண்டு. எடை 1,000 கிலோகிராமைத் தொடுவதும் உண்டு. தோளினின்று உயர்ந்து செல்லும் முதுகு மேடு நடுமுதுகில் சட்டெனத் தாழ்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே வெண்ணிறம், காலுறை அணிந்தாற்போல் தோன்றும். இரு காளைகள் எதிர்ப்பட்டால் உடனே முட்டிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் நின்று, தத்தம் பருமனைக் காட்டியவாறு மெல்ல நடக்கும். பெரும்பாலும் சிறியது விலகிவிடும். காளைகள் பல தனித்தே திரிய, மந்தையை நடத்திச் செல்வது முதிய பசுவே. முழு வளர்ச்சியுற்ற காளையை எதிர்க்கப் புலியும் தயங்கும்.

இத்தகைய விலங்கு, 1968இல் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் பெருமளவில் மடிந்தது. கொன்றது புலியன்று, துப்பாக்கியுமன்று. தொழுவத்து மாடுகளுக்கு வரும் வெக்கை நோயே. எருமையையும் மானையுங்கூட அந்நோய் விட்டதில்லை எனினும், மேய்ச்சல் நிலத்தையும் நீர்த்துறையையும் ஊர்மாட்டுடன் பகிரும் காட்டுமாட்டுக்கு அது கொடிய எமனாயிற்று. அந்நோயை ஒழிக்க நம் நாட்டில் 1954இல் தொடங்கிய பணி 2006இல் முழுப்பயன் கண்டது. 2011இல் உலகமே அதனின்று விடுபட்டது. காட்டுமாடுகளுக்கு ஊசியிட்டவர் எவருமிலர். ஊர்மாடுகளுக்கு இட்ட ஊசி காட்டையும் காத்தது.

இப்பாடம் கோமாரி நோய்க்கும் பொருந்தும். குளம்பு புண்பட்ட காட்டுமாடு மேயவும் ஓடவும் இயலாது தவிக்கும். கோமாரியைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2019இல் தொடங்கிய திட்டம் ஊர்மாடுகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி இட வகைசெய்தது. நல்ல திட்டமே, ஆயினும் காட்டோரத்தில் அதன் கண்ணிக்குத் தப்பும் மாடுகள் உண்டு. பந்திப்பூரின் எல்லைச் சிற்றூர்களில் பாலுக்காகவன்றிச் சாணத்திற்காகவே மாடு வளர்க்கும் வழக்கம் பரவியதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். காப்பித் தோட்டங்களுக்கு அச்சாணம் எருவாக விலைபோயிற்று. இம்மாடுகள் மெலிந்தவை, பகலெல்லாம் காட்டில் மேய்பவை. பால் சங்கத்துக்கு வாராத மாடு, மருத்துவர் கண்ணிலும் படாது போவது எளிது. நோயைக் காட்டுக்குள் கொண்டு செல்லத்தக்க மாடும் அதுவே.

இம்மேய்ச்சலை அறவே தடுத்துவிடலாம் என்பார் உளர். அம்மாடுகளை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டாமல் அவ்வாறு கூறுவது முறையன்று. தடை இட்டாலும் இரவில் மாடு உள்ளே புகும். அதனினும், எல்லைச் சிற்றூர்களின் மந்தைகளை முதலில் எண்ணி, வனத்துறையும் கால்நடைத்துறையும் ஒரே பதிவேட்டில் குறித்து, சாணத்து மாட்டுக்கும் பால்மாட்டுக்கு உரிய முறையிலேயே ஊசியிடுதல் தகும். ஊசி மருந்து வலுப்பெறச் சில வாரங்கள் ஆகும். கோடையில் குளங்கள் வற்றியபின், எஞ்சிய நீர்நிலைகளில், குறிப்பாகக் கபினி நீர்த்தேக்கக் கரையில், காட்டு விலங்குகள் திரளும். எனவே தைத் திங்கள் முடியுமுன் அவ்வூர்களில் ஊசிப்பணி நிறைவுறல் வேண்டும்.