வைஃபை இருக்கு, கேம் மட்டும் கனெக்ட் ஆகலையா? பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் நெட்வொர்க் சிக்கலுக்கு உண்மையான காரணம் என்ன?

வீட்டில் வைஃபை ஃபுல் சிக்னல் காட்டுகிறது. போனில் யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் டிவியில் மாட்டியிருக்கும் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ மட்டும் ஆன்லைனுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அப்படியே போனாலும் கூட விளையாடும் நண்பரின் குரல் கேட்பதில்லை, பாதி ஆட்டத்தில் தொடர்பு அறுந்துவிடுகிறது.

"நெட் ஸ்பீடு பத்தல, பிளானை மாத்துங்க" என்பதுதான் பல வீடுகளில் எழும் முதல் குரல். பெற்றோரும் கூடுதல் பணம் கட்டி 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குகிறார்கள். சிலர் புது ரவுட்டரே வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அதே பிரச்னை தொடர்கிறது. ஏன்?

கன்சோலின் ஆன்லைன் தொடர்பு நான்கு இடங்களில் அறுபடலாம்: கேம் நிறுவனத்தின் சர்வர், நம் வீடு, இன்டர்நெட் நிறுவனத்தின் நெட்வொர்க், கடலுக்கடியில் போகும் கேபிள். இதில் பிளானை மாற்றினால் சரியாகும் சிக்கல் மிகக் குறைவு. எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி? பார்க்கலாம்.

முதல் கேள்வி: கோளாறு நம் வீட்டிலா, அவர்கள் பக்கமா?

2025 பிப்ரவரி 8-ம் தேதி காலை, இந்தியா உட்பட உலகம் முழுவதும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் முடங்கியது. சுமார் 24 மணி நேரம் யாராலும் சரியாக லாகின் செய்ய முடியவில்லை. பின்னர் 'செயல்பாட்டுக் கோளாறு' என்று மட்டும் விளக்கம் சொன்ன சோனி, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு 5 நாட்கள் கூடுதலாகக் கொடுத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி, அமேசானின் கிளவுட் சேவையில் அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் கோளாறு ஏற்பட்டது. ரோப்லாக்ஸ், ஃபோர்ட்நைட் போன்ற கேம்கள் பல மணி நேரம் தடுமாறின. இந்த மாதிரி நாட்களில் வீட்டில் ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பலன் இருக்காது.

அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிளேஸ்டேஷன் 5-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் என்று போனால், பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நிலையைக் காட்டும் பகுதி இருக்கும். எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ நிறுவனங்களும் தங்கள் சேவை இயங்குகிறதா என்று சொல்லும் பக்கங்களை வைத்திருக்கின்றன. அங்கே கோளாறு என்று இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பிப்ரவரி முடக்கத்தின்போது, காசு கொடுத்து டிஜிட்டலாக வாங்கிய, தனியாக ஆடும் கேம்களைக்கூட சிலரால் திறக்க முடியவில்லை. பிளேஸ்டேஷன் 5-ல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்ற வசதி ஆன் ஆகாமல் இருந்தால், கேமின் உரிமத்தைச் சரிபார்க்க கன்சோல் சர்வரைத் தேடும். சர்வர் இல்லை என்றால் கேமும் இல்லை. இந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்குள் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

சர்வர் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது வீடு.

1. ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்ற லைட் சிவப்பாக எரிகிறதா? அப்படியென்றால் வெளியிலிருந்து வரும் ஃபைபர் லைனிலேயே சிக்கல். கன்சோலில் எதையும் மாற்ற வேண்டாம், நேராகப் புகார் கொடுங்கள்.

2. மோடம், ரவுட்டர், கன்சோல் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். முதலில் மோடத்தை ஆன் செய்து, லைட்டுகள் நிலையான பிறகு ரவுட்டர், கடைசியாகக் கன்சோல். கரன்ட் போய் வந்த பிறகு வரும் பல சிக்கல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

3. கன்சோலை சில நிமிடங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் லாகின் ஆகிறது, வீட்டு வைஃபையில் ஆகவில்லை என்றால் கன்சோல் நன்றாக இருக்கிறது, சிக்கல் வீட்டு லைனில். ஆனால் கேம் டவுன்லோடுகளை முதலில் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மொபைல் டேட்டா காலியாகிவிடும்.

4. ஒரு லேன் கேபிளால் கன்சோலை ரவுட்டரில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். பிரச்னை மறைந்துவிட்டால் குற்றவாளி வைஃபைதான்.

பழைய கன்சோல்களில் வைஃபையே ஒரு தடைதான். 2013-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். அபார்ட்மென்டில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டிமோதும் அலைவரிசை அது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தாலும் அந்தக் கன்சோலின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இவர்களுக்குப் புது ரவுட்டரைவிட லேன் கேபிள்தான் மலிவான, சரியான தீர்வு. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் பழைய மாடலின் டாக்கில் லேன் போர்ட் கிடையாது. அதற்கு யூஎஸ்பி அடாப்டர் தேவை. ஓலெட் மாடலின் டாக்கில் போர்ட் உள்ளது.

'நேட் டைப்' என்கிறதே, அது என்ன?

கன்சோலில் இன்டர்நெட் டெஸ்ட் செய்தால் கடைசியில் 'நேட் டைப்' என்று ஒன்று வரும். பிளேஸ்டேஷனில் 1, 2, 3. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். நின்டெண்டோவில் ஏ, பி, சி, டி, எஃப்.

ஓர் அபார்ட்மென்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்கு முகவரி ஒன்றுதான். உள்ளே இருபது வீடுகள். நீங்கள் ஆர்டர் செய்த பார்சல் வந்தால், 'இது மூணாவது மாடிக்கு' என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒருவர், வீட்டு எண்ணும் தெரியாமல் கேட்டில் வந்து நின்றால்? திருப்பி அனுப்பிவிடுவார்.

வீட்டு ரவுட்டர்தான் அந்த வாட்ச்மேன். யூடியூப் வீடியோ நாம் கேட்டு வருவது, அதனால் உள்ளே விடும். ஆனால் பல ஆன்லைன் கேம்களிலும் வாய்ஸ் சாட்டிலும் இன்னொரு ஆட்டக்காரரின் கன்சோல் நம் கன்சோலின் கதவைத் தானாக வந்து தட்ட வேண்டியிருக்கிறது. அதை ரவுட்டர் தடுத்துவிட்டால் குரல் கேட்காது, ஆட்டத்தில் சேர முடியாது. ஜிடிஏ ஆன்லைன், மரியோ கார்ட் 8 போன்றவை இப்படி ஆட்டக்காரர்களை ஒருவரோடு ஒருவர் நேரடியாக இணைப்பவை. நிறுவனத்தின் சர்வர் வழியாகவே முழு ஆட்டமும் நடக்கும் கேம்களில் இந்தச் சிக்கல் குறைவு. வீட்டில் ஒரு கேம் ஓடி, இன்னொரு கேம் ஓடாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

டைப் 2, மாடரேட், பி என்று வந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். டைப் 3, ஸ்ட்ரிக்ட், டி என்றால்தான் சிக்கல். ரவுட்டர் செட்டிங்கில் 'யூபிஎன்பி' என்ற வசதியை ஆன் செய்தால், கன்சோல் கேட்கும் கதவை ரவுட்டர் தானே திறந்துவிடும். பல வீடுகளில் இதுவே போதும்.

இரண்டு ரவுட்டர் இருந்தால் இரட்டைத் தலைவலி

இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த மோடத்திலேயே ரவுட்டரும் இருக்கும். 'சிக்னல் பத்தல' என்று அதன் பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டரை மாட்டினால், ஒரே வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன். முதல் ஆள் விட்டாலும் இரண்டாவது ஆள் விடமாட்டார். எக்ஸ்பாக்ஸ் இதை 'டபுள் நேட்' என்றே திரையில் காட்டும்.

தீர்வு எளிது. புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட் மோடு'க்கு மாற்றலாம். அல்லது நிறுவனத்தின் மோடத்தை 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றித் தரச் சொல்லி கஸ்டமர் கேரில் கேட்கலாம். ஏதோ ஒன்று மட்டும் போதும், இரண்டும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்?

இங்கேதான் வாடிக்கையாளருக்குப் பலரும் சொல்லாத விஷயம் வருகிறது. அதன் பெயர் 'சிஜி-நேட்'.

இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையான ஐபிவி4, 1981-ல் வகுக்கப்பட்டது. அதில் இருக்கக்கூடிய மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். 2011 பிப்ரவரியில் உலக அளவிலான கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான கையிருப்பும் கடைசித் தொகுப்புக்கு வந்து ரேஷன் முறை தொடங்கியது. இந்தியாவில் வீட்டு பிராட்பேண்ட் வேகமாகப் பரவியது அதற்குப் பிறகுதான். வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கில் வந்தார்கள், முகவரிகள் கைவசம் இல்லை.

அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அபார்ட்மென்டுக்கு ஒரு வாட்ச்மேன் என்பது போய், முழுத் தெருவுக்கும் ஒரே கதவு எண் என்ற நிலை. அந்தத் தெரு வாட்ச்மேன் நிறுவனத்தின் ஆபீஸில் இருக்கிறார். வீட்டு ரவுட்டரில் நாம் என்ன செட்டிங் மாற்றினாலும் அவரை அசைக்க முடியாது.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க, ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ன எண் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருக்கும் போனில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடி, வரும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் சிஜி-நேட் இல்லை. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இந்த எண் வரிசை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் 10-ல் தொடங்கும் எண்களையும் தருகின்றன.

என்ன செய்யலாம்? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரவுட்டரில் ஐபிவி6-ஐ ஆன் செய்வது. புதிய முறையான இதில் முகவரிப் பஞ்சமே இல்லை, இதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்திலிருந்தே எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள் இதை ஆதரிக்கின்றன. ஆனால் எல்லாக் கேம்களும் இதற்கு மாறிவிடவில்லை. இரண்டு, நிறுவனத்திடம் 'பப்ளிக் ஐபி' அல்லது 'ஸ்டாடிக் ஐபி' கேட்பது. பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன, சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தருவதில்லை.

ஸ்பீடு கூட்டினால் லேக் குறையுமா?

பெரும்பாலும் குறையாது. 100 எம்பிபிஎஸ் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு டேட்டா வரும் என்ற கணக்கு. பெரிய கேம்களை டவுன்லோடு செய்ய அது முக்கியம். ஆனால் ஆட்டம் நடக்கும்போது பரிமாறப்படும் டேட்டா மிகக் குறைவு. அங்கே முக்கியம் 'பிங்', அதாவது ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்.

இதற்கு இயற்கையே ஓர் எல்லை போட்டிருக்கிறது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்வர மட்டுமே 32 மில்லி செகண்ட் ஆகிவிடும். எந்தப் பிளான் போட்டாலும் அதற்குக் கீழே வராது. ஐரோப்பா சர்வர் என்றால் 100-ஐத் தாண்டும்.

2025 செப்டம்பர் 6-ம் தேதி செங்கடலில் சவூதியின் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது, இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்டர்நெட் மந்தமானது. பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபிள். இப்படியான நாட்களில் பிங் எகிறினால் அதற்கு வீட்டு ரவுட்டர் என்ன செய்யும்?

வீட்டுக்குள் இருக்கும் லேக் வேறு. யாராவது போனில் போட்டோக்களை பேக்கப் செய்துகொண்டிருந்தால் அப்லோடு நிரம்பி, கேமின் தகவல் வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. ஆடும் நேரத்தில் பேக்கப்பை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

'இதை மாத்தினா சரியாகிடும்' என்பதெல்லாம் உண்மையா?

டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் லாகின் சிக்கல் சில நேரம் தீரும். ஏனென்றால் அது சர்வரின் முகவரியைத் தேடித்தரும் டைரக்டரி. ஆட்டத்தின் பிங்கை அது குறைக்காது.

'டிஎம்இசட்' வசதியை ஆன் செய்தால் வாட்ச்மேனே இல்லாமல் கேட்டைத் திறந்துவைப்பது போல. கன்சோலுக்குச் செய்வதாக நினைத்து கம்ப்யூட்டரின் எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டால் ஆபத்து.

அதேபோல, கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. பில்லிலோ நிறுவனத்தின் ஆப்பிலோ உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். ஓடிபி கேட்டால் உடனே கட் செய்யுங்கள்.

புகார் கொடுப்பது எப்படி?

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் "ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். மாறாக, 'லேன் கேபிளில் பார்த்தும் நேட் டைப் 3 வருகிறது, வேன் ஐபி 100.70-ல் தொடங்குகிறது, பப்ளிக் ஐபி வேண்டும்' என்று சொல்லுங்கள். டெஸ்ட் முடிவை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கான டாக்கெட் எண்ணைக் கண்டிப்பாக வாங்குங்கள்.

பதில் திருப்தி இல்லை என்றால் அந்த டாக்கெட் எண்ணோடு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

பிராட்பேண்ட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது எம்பிபிஎஸ் மட்டும்தான். அந்த இணைப்பில் சொந்த முகவரி கிடைக்குமா, பங்கு முகவரியா என்பது எங்கும் எழுதியிருக்காது. எனவே வீட்டில் கன்சோல் இருப்பவர்கள் புது கனெக்ஷன் எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சிஜி-நேட் உண்டா? ஐபிவி6 உண்டா? பப்ளிக் ஐபி வேண்டுமென்றால் தருவீர்களா, எவ்வளவு? இதற்குப் பதில் வாங்கிய பிறகு ஸ்பீடைப் பற்றிப் பேசலாம்.