போட்ட பணமும் வராத பெட்டியும்

பலகை விளையாட்டுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், மழுப்பலைத்தான் மன்னிப்பதில்லை. 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ விளையாட்டுக்குத் திட்டத்தை நடத்தியவர் கேட்டது 35,000 டாலர். 1,246 பேர் கொடுத்தது 1,22,000 டாலருக்கும் மேல். தருவதாகச் சொன்ன வெள்ளீயக் கலவைப் பொம்மைகள் மீதான ஆசையில் பலர் 75 டாலரும் அதற்கு மேலும் கட்டினார்கள். வேலை நடப்பதாகவே சேதி வந்துகொண்டிருந்தது. 2013 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. ஏமாந்தவர்களின் கோபம் நியாயமானதே. பணத்தில் பெரும்பகுதி அவருடைய வாடகைக்கும் வீடு மாற்றுவதற்கும் போனதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2015இல் குற்றம்சாட்டியது. விளையாட்டை வேறொரு நிறுவனம், கிரிப்டோசோயிக், வெளியிட்டுப் பணம் போட்டவர்களுக்கு இலவசமாகவே தந்தது. திட்டத்தை நடத்தியவருக்கு விதிக்கப்பட்ட 1,11,793 டாலரோ, அவருக்குக் கட்ட வசதியில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டது.