ஆகார சிகிச்சைக்கு ஓர் ஒழுங்கு

பசித்தவருக்குச் சோறிடுவது தர்மம். நோயாளிக்கு இன்ன ஆகாரம், இவ்வளவு என்று நிர்ணயிப்பது சாஸ்திரம். முன்னதில் தமிழ் நாடு பிறருக்கு வழிகாட்டியது. பின்னதில் நாம் செல்லவேண்டிய தூரம் அதிகமென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு மயிலாடியில் உளி பிடிக்கும் சிற்பி ஒருவருக்கு நீரிழிவு கண்டதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆஸ்பத்திரியில், சோற்றை விட்டுக் கோதுமை உண்ணுமாறு அச்சிட்ட சீட்டைக் கொடுக்கிறார்கள். மற்றோரிடத்தில், சோறு ஆகும், மரச்சீனிதான் ஆகாது என்கிறார்கள். அவருடைய நிறை என்ன, நாள் முழுதும் கல்லோடு போராடும் உடலுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும், வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று இரண்டிடத்திலும் விசாரிப்பாரில்லை. சாட்சியம் கேளாத தீர்ப்பு நியாயஸ்தலத்தில் செல்லாது. ஆஸ்பத்திரியில் மட்டும் செல்லலாமோ?

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் உயரத்தையும் நிறையையும்கூடக் குறிக்காமல் அவர்களை மெலியவிடுகிறார்களென்று 1974இல் அமெரிக்க டாக்டர் பட்டர்வொர்த் வன்மையாகக் கண்டித்தெழுதினார். அந்நாட்டு ஆகார நிபுணர் சங்கம் 2003இல் நான்கு படிகள் கொண்ட முறையொன்றை ஏற்றது. முதலில் பரீக்ஷை, அடுத்துப் போஷணைக் குறையை நிர்ணயித்தல், பின் சிகிச்சை, கடைசியாகப் பலனைக் கண்காணித்தல். குறை எது, காரணம் எது, அடையாளம் எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நிலை. அவ்வாறு எழுதினால், அடுத்து வரும் நிபுணர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்கலாம்.

மேல்நாட்டு முறை நமக்கு ஒவ்வாதெனச் சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். ஒழுங்கு வேறு, உணவு வேறு. சிற்பிக்குத் தாலமானம் ஒன்றே. அதனால் எல்லா விக்கிரகங்களுக்கும் ஒரே முகம் அமைந்துவிடுவதில்லை. விசாரிக்கும் முறை ஒன்றாயிருக்கட்டும். இலையில் விழுவது நாஞ்சில் நாட்டுச் சோறும் சாளை மீனும் கீரையுமாகவே இருக்கட்டும். நம் உணவுகளின் சத்தைக் கணக்கிட்ட அட்டவணை 1937இலேயே குன்னூர் ஆராய்ச்சிசாலையிலிருந்து வெளிவந்தது. அதன் வழிவந்த ஹைதராபாத் தேசிய போஷணை ஸ்தாபனம் 2017இல் புதிய அட்டவணை வெளியிட்டிருக்கிறது. கருவி கையிலிருக்கிறது, பயிற்சிதான் குறை.

2021இல் பார்லிமெண்ட் இயற்றிய துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம் ஆகார நிபுணர்களையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் சட்டம் ஆஸ்பத்திரி வார்டுக்குத் தானாக நடந்து வராது. நாளை படித்து வருவோருக்குப் பாடம் வகுத்தால் மட்டும் போதாது. இன்று உத்தியோகத்திலிருப்பவர்களுக்கு நோயாளியின் படுக்கையருகே பயிற்சியளிக்க வேண்டும். குறிப்பேடு தமிழில் அமைய வேண்டும். எழுதுவதற்கு அவகாசமும், எழுதியதை டாக்டர்கள் படிக்கும் வழக்கமும் வேண்டும். ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சுமத்திவிட்டு ஒழுங்கை எதிர்பார்ப்பது வீண்.

இந்தியாவில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேலென்று 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அவர்களுக்கு ஆகாரமே பாதி மருந்து. அம்மருந்தை அளவறியாமல் கொடுப்பதைச் சர்க்கார் இனியும் பொறுத்திருக்கலாகாது.