டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லியும் இடம் மாற்றச் சொல்லியும் தங்களிடம் மனுக்கள் வருகின்றன. அவற்றில் எனக்கும் உடன்பாடு உண்டு. இன்று நான் கேட்பதற்கு அரசாணைகூட வேண்டாம், தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். குடியை விட்டவர்கள் கூடும் இடமும் நேரமும் இந்த மாவட்டத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எழுதிவைக்கப்பட வேண்டும்.

என் தம்பி குடிநோயாளி. அவனை மருத்துவமனையில்தான் முதலில் சேர்த்தோம், அதுதான் சரியும்கூட. வருடக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகக் கத்தலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மருத்துவர்களும் செவிலியர்களும் பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, இரவெல்லாம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'மது அருந்தக் கூடாது' என்று மட்டுமே இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கை பரபரத்தால் யாரிடம் ஓடுவது என்று யாரும் சொல்லவில்லை.

தேடினோம். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில், குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்துவதாகச் சொல்லும் நோட்டீஸ்கள்தான் கண்ணில் பட்டன. அம்மா அவற்றில் ஒன்றிலிருந்த நம்பரைக் குறித்துவரச் செய்தார். டைசல்பிராம் போன்ற மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுத்து, விவரம் தெரியாமல் அதன்மேல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அம்மாவுக்குப் புரியவைத்தேன். வாசலுக்கே வண்டி கொண்டுவந்து ஆளைத் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்' பற்றியும் சொன்னார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறீர்களா என்று ஓர் இடத்தில் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஓர் ஆட்டோ ஓட்டுநர்தான் வழி சொன்னார். எங்கள் ஊரிலேயே, மாதா கோயிலை ஒட்டிய பள்ளியின் வகுப்பறையில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு கூடுகிறது, அவரும் போகிறவர். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கிய இயக்கம் அது. இருவருமே குடிநோயாளிகள். மனைவி, மருத்துவர், பாதிரியார் யார் சொல்லியும் ஏறாதது இன்னொரு குடிநோயாளி தன் கதையைச் சொல்லும்போது ஏறுகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அதை என் தம்பியிடம் நான் நேரில் பார்த்தேன். மகளின் கம்மலை அடகு வைத்ததை ஒருவர் எழுந்து சொன்னபோது, அதுவரை எங்களிடம் சத்தியம் செய்தே பழகியிருந்தவன் முதன்முறையாகத் தலைகுனிந்து கேட்டான். அங்கே கட்டணம் இல்லை; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே, நான் பெரியார் கட்சி ஆயிற்றே என்றான். தன்னைவிடப் பெரிய சக்தியாக இந்தக் குழுவையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உட்கார்ந்தான். எல்லாருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. பலிக்கக்கூடியவருக்கு இப்படியொன்று இருப்பது தெரிய வேண்டும்.

தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. விளம்பரத்தால் ஆள் சேர்ப்பதில்லை, பத்திரிகையில் முகம் காட்டுவதில்லை என்பது அவர்கள் மரபு. வெளியார் நன்கொடையையும் ஏற்பதில்லை. கூட்டத்தில் சேரும் சில்லறைதான் டீக்கும் வாடகைக்கும். ஆகவே தாங்கள் நிதி ஒதுக்க வேண்டாம். விழாவும் பொன்னாடையும் வேண்டாம். வழிகாட்டினால் போதும். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசுக்கு, 2023-24இல் மட்டும் அதிலிருந்து 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பெற்ற அரசுக்கு, இந்த வழிகாட்டல் கடமை என்றே நினைக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி அச்சிடச் சொல்லுங்கள்: தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, பக்கத்துக் குழு கூடும் இடம், நாள், நேரம். குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் இருந்தால் அதையும் சேர்க்கலாம். அம்மாவைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கூட்ட நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். குழுவே இல்லாத ஒன்றியங்களில், கேட்டு வருகிறவர்களுக்கு அரசுப் பள்ளி வகுப்பறையை மாலையில் சிறு வாடகைக்குத் தரலாம். வாடகை வாங்குங்கள்; அப்போதுதான் ஏற்பார்கள். குடிநோயால் தவிக்கும் பெண்கள் இன்னும் ஒளிந்தே வாழ்கிறார்கள். அவர்களுக்கு மகளிர் வார்டில் தனியே சொல்ல ஆள் வேண்டும்.

திறந்த கூட்டங்களில் குடிநோயாளி அல்லாதவரும் உட்காரலாம். மனநலப் பிரிவு மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஒரு மாலை அங்கே போய் வரச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர் அனுப்பினால் நோயாளி நம்பிப் போவார். எங்கள் ஊர்க் குழு கூடும் இடத்தையும் நேரத்தையும், அவர்கள் சம்மதத்தோடு, இம்மடலின் நகலில் எழுதித் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடிநோயாளியின் அக்கா